த கிறிஸ்டடெல்ஃபியன் மாத இதழின் பழைய தொகுதிகளில் ஆள் தேடுவது: நால்வரின் அனுபவப் பகிர்வு

பழைய இதழ் வாசகர்

இங்கிலாந்தின் பர்மிங்காமிலிருந்து 1864 ஜூலை முதல் வந்துகொண்டிருக்கும் இதழ் இது. வேத விளக்கக் கட்டுரைகள் மட்டும்தான் இருக்கும் என்று எண்ணி, குடும்ப முன்னோரைத் தேடும் பலர் ஒதுக்கிவிடுகிறார்கள். கிறிஸ்டடெல்ஃபியன் என்பது 19ஆம் நூற்றாண்டில் தோன்றிய ஒரு சிறு கிறிஸ்தவப் பிரிவு. இந்தச் சபையாருக்குச் சம்பளம் வாங்கும் போதகர் இல்லை, பேராயர் இல்லை. ஒவ்வொரு ஊர்ச் சபையும் தன் பொறுப்பில் தானே நடக்கிறது. அதனால் ஊர்ச் சபையின் பதிவேடு தொலைந்துபோனால், யார் எப்போது ஞானஸ்நானம் பெற்றார், எந்த ஊருக்கு மாறினார், எப்போது இறந்தார் என்று பார்க்க மிஞ்சுவது இதழின் பின்பகுதியில் வரும் சபைச் செய்திகள்தான். என்னைக் கேட்டால் முதலில் புரட்ட வேண்டியதே அந்தப் பொடி எழுத்துப் பக்கங்களைத்தான்.

நூலகப் பட்டியலில் தேடும்போது ஒன்று கவனியுங்கள். ராபர்ட் ராபர்ட்ஸ் தொடங்கியபோது இதழின் பெயர் 'த அம்பாசடர் ஆஃப் த கமிங் ஏஜ்'. 1869இல்தான் இப்போதைய பெயர் வந்தது. இரண்டும் தனித்தனித் தலைப்பாகப் பதிவாகியிருக்கலாம், ஆனால் தொகுதி எண் ஒரே தொடர்ச்சி: 1869 என்பது 6ஆம் தொகுதி. 1869 முதல், ஆண்டிலிருந்து 1863ஐக் கழித்தால் தொகுதி எண் கிடைத்துவிடும். 1898க்கு 35, 1939க்கு 76. அடிக்குறிப்பில் தொகுதி எண்ணும் ஆண்டும் ஒத்துவரவில்லை என்றால் இரண்டில் ஒன்று அச்சுப்பிழை.

1864க்கு முந்தைய ஆட்களுக்கு, இந்தப் பிரிவைத் தொடங்கிய டாக்டர் ஜான் தாமஸ் அமெரிக்காவில் நடத்திய 'ஹெரால்ட் ஆஃப் த கிங்டம்' இதழைப் பாருங்கள். 1851 முதல் 1861 வரை வந்தது, உள்நாட்டுப் போர் தொடங்கியதும் நின்றது. 'கிறிஸ்டடெல்ஃபியன்' என்ற பெயரே 1864இல் அந்தப் போரின்போது வைக்கப்பட்டது. முந்தைய ஆவணங்களில் அந்தப் பெயரைத் தேடிப் பயனில்லை.

வம்சாவளி தேடல்

மேலே முதலில் எழுதிய ஐயா சொன்ன தொகுதிக் கணக்கை அப்படியே குறித்து வைத்துக்கொள்ளுங்கள். செய்திப் பகுதியைப் படிக்கும் முறையை நான் சேர்க்கிறேன்.

விக்டோரியா காலத்து ஞானஸ்நானக் குறிப்பில் பெரும்பாலும் பெயர், வயது, முன்பு இருந்த சபை மூன்றும் இருக்கும். 'முன்பு பாப்டிஸ்ட்', 'முன்பு இங்கிலாந்துத் திருச்சபை' என்று வரும். எதிலும் சேராதவரை 'நியூட்ரல்' என்பார்கள். வயது இருப்பது பெரிய வரம். 1881, 1891 மக்கள்தொகைக் கணக்கெடுப்புத் தாள்களில் ஒரே பெயரில் நாலு பேர் இருந்தாலும் வயதை வைத்துப் பிரித்துவிடலாம்.

தேதியில்தான் அதிகம் சறுக்குகிறது. 'இன்ஸ்ட்.' என்றால் நடப்பு மாதம், 'அல்ட்.' என்றால் போன மாதம். எந்த மாதத்திலிருந்து எண்ணுவது? செய்தி அனுப்பியவர் கடிதம் எழுதிய மாதத்திலிருந்து. செப்டம்பர் இதழில் அச்சான கடிதம் ஆகஸ்டில் எழுதப்பட்டிருந்தால் அதில் 'அல்ட்.' ஜூலையைக் குறிக்கும். இதழின் மாதத்திலிருந்து எண்ணினால் ஒரு மாதம் தள்ளிப்போகும். கடிதத்தின் தேதி அச்சாகவில்லை என்றால் இரண்டு மாதத்தையும் குறித்துவையுங்கள், ஒன்றை ஊகித்து எழுதிவிடாதீர்கள். ஆஸ்திரேலியா, நியூசிலாந்துச் செய்திகள் கப்பல் தபாலில் வந்தவை. ஜனவரியில் நடந்தது ஏப்ரல் இதழிலோ அதற்குப் பிறகோ வரும்.

பெண்களைத் தேடும்போது திருமணக் குறிப்பை முதலில் பிடியுங்கள். அதன்பின் வரும் இடமாற்றம், மரணம் எல்லாம் கணவரின் குடும்பப் பெயரில்தான் இருக்கும்.

சபை வரலாறு

ஒரு குடும்பம் 1885க்குப் பிறகு திடீரென்று இதழில் காணாமல் போனால், செத்துப்போனார்கள், விசுவாசத்தை விட்டார்கள் என்று முடிவு கட்டிவிடாதீர்கள். வேதாகமம் முழுவதும் தேவ ஆவியால் அருளப்பட்டதா என்ற சர்ச்சையில் அந்த ஆண்டு பர்மிங்காம் சபை பிளந்தது. பிரிந்த சஃபோக் ஸ்ட்ரீட் பிரிவினரின் செய்திகள் இந்த இதழில் வராது, 'த ஃபிரட்டர்னல் விசிட்டர்' இதழில் வரும். 1957இல் பிரிட்டனில் இரு தரப்பும் சேரும்வரை அப்படித்தான்.

வட அமெரிக்காவில் இன்னொரு பிளவு. உயிர்த்தெழுந்து நியாயத்தீர்ப்புக்கு நிற்பவர்கள் யார் என்ற கேள்வியில், 1898இல் பர்மிங்காம் சபை தன் விசுவாச அறிக்கையைத் திருத்தியது. திருத்தத்தை ஏற்காதவர்களைத் தாமஸ் வில்லியம்ஸின் 'அட்வகேட்' இதழில் தேட வேண்டும். 1923இல் பிரிந்த பெரியன் (Berean) குழுவுக்கும் தனி இதழ் உண்டு.

முதல் உலகப்போர்க் காலத்துக்கு இந்தத் தொகுதிகள் இன்னும் முக்கியம். இந்தச் சபையார் ஆயுதம் ஏந்த மறுப்பவர்கள். 1916இல் பிரிட்டனில் கட்டாய ராணுவச் சேவை வந்ததும் விலக்குக் கேட்டுத் தீர்ப்பாயங்களுக்குப் போனார்கள். அந்தத் தீர்ப்பாயக் கோப்புகளைப் போருக்குப் பிறகு அரசே அழிக்கச் சொல்லிவிட்டது. மாதிரிக்கென்று வைத்தவை மிடில்செக்ஸ், ஸ்காட்லாந்தின் லோதியன்–பீபிள்ஸ் கோப்புகள். வேறு சில ஊர்களில் தப்பித்தவறி எஞ்சியவை உண்டு, அவ்வளவுதான். ஆகவே 1916 முதல் 1919 வரையிலான சபைச் செய்திகளில் உங்கள் ஆளைப் பற்றி ஒரே ஒரு வரி கிடைத்தாலும் நகலெடுத்து வையுங்கள். அப்போது ஆசிரியர் சி. சி. வாக்கர். 1898இல் ராபர்ட்ஸ் இறந்தபின் பொறுப்பேற்று 1937 வரை இருந்தார். அவருக்குப் பின் ஜான் கார்ட்டர், 1962 வரை.

புத்தகக் கட்டுமானம் தெரிந்தவர்

பழைய பருவ இதழ்களை ஆண்டுத் தொகுதியாகக் கட்டும்போது மேலட்டைகளைக் கிழித்தெறிவது வழக்கம். அறிவிப்புகளும் விளம்பரங்களும் அந்த அட்டைகளில்தான் இருக்கும். கட்டாத உதிரி இதழ் எங்கேயாவது கிடைத்தால், உள்ளே இருப்பது ஏற்கெனவே உங்களிடம் உண்டு என்று விட்டுவிடாதீர்கள், அட்டையின் நாலு பக்கத்தையும் படமெடுங்கள்.

தாள் மொறுமொறுத்துப் போயிருந்தால் தொகுதியை 90 பாகைக்கு மேல் விரிக்க வேண்டாம். இரு பக்கமும் நுரைப்பஞ்சு ஆப்பு வைத்துத் தாங்கி, ஒவ்வொரு பக்கமாக மேலிருந்து படமெடுங்கள். ஸ்கேனர் கண்ணாடி மேல் கவிழ்த்து அழுத்தினால் முதுகுத் தையல் விட்டுப்போகும். தையலை ஒட்டிய ஓரத்தில் எழுத்து வளைந்து விழுந்தால், படத்தை எழுத்தாக மாற்றும் கணினி அதைத் தப்பாகப் படிக்கும், 3 என்பது 8 ஆகும். வயதையும் தேதியையும் படத்தோடு வைத்துக் கண்ணால் சரிபார்த்த பிறகே குறிப்பில் ஏற்றுங்கள்.