ஓமனின் மசீரா தீவில் ஜூலையில் ஆமை பார்க்கலாமா?

கேள்வி: மஸ்கட்டில் இருக்கிறோம். ஜூலையில் மூன்று நாள் விடுமுறை. ஒன்பது வயது மகனுக்கு ஆமை முட்டையிடுவதைப் பார்க்க ஆசை. கடலில் குளிக்கவும் முடியுமா?

பதில் 1: தாராளமாகப் போங்கள். எதிர்க்கரையில் இருக்கும் சன்னா துறையிலிருந்து தீவுக்குப் பெர்ரி உண்டு, காரையும் ஏற்றலாம். பெருந்தலை ஆமைகள் வடகிழக்குக் கரையில் ஏறும். நானும் என் மனைவியும் அங்கே இரவு பதினொரு மணிக்கு, விளக்கில்லாமல் படுத்துக் கிடந்தோம். ஒரு ஆமை பின்துடுப்பால் குழி தோண்டி, பந்து பந்தாக முட்டையிட்டது. மூடும்போது வாரியடித்த மணல் என் முகத்தில் விழுந்தது. ஆமையின் கண்ணில் நீர் வழிந்தது. அழுகை இல்லை, உடலின் உப்பு அப்படித்தான் வெளியேறும். தயவுசெய்து டார்ச், பிளாஷ் வேண்டாம். வெளிச்சம் கண்டால் முட்டையிடாமலே திரும்பிவிடும். மணலில் காரும் ஓட்டாதீர்கள், அடியில் முட்டைகள் இருக்கும்.

பதில் 2: குளியலுக்குக் கிழக்குக் கரை வேண்டாம், தென்மேற்குப் பருவக்காற்றில் அலை முரடாக இருக்கும். மேற்கே ஆழமில்லாத தண்ணீர். கைட் சர்ஃபிங் (பெரிய பட்டம் இழுக்க, பலகையில் நின்று நீரில் சறுக்குவது) செய்பவர்கள் அங்கேதான் கூடுவார்கள். கூடாரம் காற்றில் பிடுங்கிக்கொள்ளாமல் இருக்க நீளமான முளைகள் கொண்டுபோங்கள்.

கேட்டவர்: ரொம்ப நன்றி. டார்ச்சை எடுத்து வைத்துவிட்டேன். அப்புறம், விடியற்காலையில் போனால் தடமாவது தெரியுமா?

பதில் 1: தெரியும். டிராக்டர் போன மாதிரி இருக்கும்.