மொறிஸ் மைனர்: ஸ்ராட்டர் சுற்றவில்லை, என்ன செய்யலாம்?

மானிப்பாய் மைனர்:
அண்ணைமார், ஒரு உதவி. அப்பாவின் 1958 மொறிஸ் மைனர், 948 சிசி. மூன்று கிழமையாக ஸ்ராட்டர் சுற்றவில்லை. டாஷ்போர்ட்டில் உள்ள பிடியை இழுத்தால் ஒரு முனகல், அவ்வளவுதான். பற்றரி புதிது. முன்னால் ஹான்டில் போட்டுக் கையால் சுற்றினால் உடனே பிடிக்கிறது, ஆக எஞ்சினில் பிழை இல்லை.

போன மாதம்தான் கியர்பொக்ஸ் இறக்கி கிளச் பிளேற் மாற்றினோம். ஸ்ராட்டரையே மாற்றச் சொல்கிறார் கராஜ்காரர். எனக்கு மனம் வரவில்லை. 1990களில் பெற்றோல் இல்லாமல் மண்ணெண்ணெயில் ஓடிய கார் இது. கார்புரேற்றரில் கொஞ்சம் பெற்றோல் விட்டு, இதே ஸ்ராட்டரால்தான் அப்பா அதை எழுப்புவார்.

சம்பந்தம் இருக்கிறதோ தெரியாது: நேற்று நாலைந்து தரம் இழுத்த பிறகு, டாஷ்போர்ட்டில் இருந்து கார்புரேற்றருக்குப் போகும் சோக் கேபிளில் கை பட்டது, சுட்டுவிட்டது.

பழைய ஸ்பானர்:
பென்டிக்ஸ், அதாவது ஸ்ராட்டரின் பல்சில்லு, எஞ்சினின் பிளைவீல் பல்லில் இறுகியிருக்கும். இக்னிஷனை நிறுத்தி, நாலாம் கியரில் போட்டு, காரை முன்னும் பின்னும் ஆட்டுங்கள். விடாவிட்டால் ஸ்ராட்டரின் முனையில் உள்ள சின்ன மூடியைக் கழற்றுங்கள். சதுரமாக ஒரு தண்டு தெரியும், ஸ்பானர் போட்டுத் திருப்பினால் விட்டுவிடும். பென்டிக்ஸுக்கு எண்ணெய் மட்டும் விடாதீர்கள், கிளச் தூசி ஒட்டித் திரும்பவும் இறுகும்.

ஹான்டில் சுற்றும்போது பெருவிரலை மற்ற விரல்களோடு ஒரே பக்கம் வையுங்கள். எனக்கு ஒருமுறை உதைத்தது, இன்றைக்கும் மழைக்கு நோகும்.

மானிப்பாய் மைனர்:
ஆட்டிப் பார்த்தேன் அண்ணை. சதுரத் தண்டும் இலகுவாகச் சுற்றுகிறது. ஹெட்லைற்றைப் போட்டுக்கொண்டு இழுத்தேன், வெளிச்சம் சற்றுத்தான் மங்கியது.

டைனமோ:
தம்பி, சம்பந்தம் இருக்கிறதோ தெரியாது என்றீர்களே, விடையே அதுதான். இறுகிய மோட்டர் என்றால் ஹெட்லைற் நன்றாகவே மங்கியிருக்கும். உங்களுடையதில் ஸ்ராட்டருக்குப் போதிய மின்சாரம் போகவே இல்லை.

மைனரின் எஞ்சினும் கியர்பொக்ஸும் ரப்பர் மேல்தான் இருக்கின்றன. பொடியோடு (காரின் உடலோடு) அவற்றை இணைக்க அடியில் ஒரு பின்னல் பட்டி உண்டு, ஏர்த் பட்டி. ஸ்ராட்டரின் மின்சாரம் பற்றரிக்குத் திரும்பும் வழி அதுதான். கியர்பொக்ஸ் இறக்கக் கழற்றியவர்கள் திரும்பப் பூட்டியிருக்க மாட்டார்கள். ஸ்ராட்டருக்கு நூறு அம்பியர் அளவில் வேண்டும். வேறு வழி இல்லாததால் அது சோக் கேபிளுக்குள்ளால் போகப் பார்க்கிறது. அந்த மெல்லிய கம்பி எவ்வளவைத் தாங்கும்? அது சுடுகிறது, ஸ்ராட்டர் முனகுகிறது.

வோல்ற்மீற்றரின் ஒரு முனையை பற்றரியில் பொடிக்குப் போகும் பக்கத்தில் வையுங்கள். யாரும் மாற்றியிராவிட்டால் உங்கள் காரில் அது பிளஸ். மற்றதை எஞ்சின் புளொக்கில் வைத்து, ஒரே ஒரு தரம் இழுக்கச் சொல்லுங்கள். அரை வோல்ற்றுக்கு மேல் காட்டினால் ஏர்த்தான் பிழை. அதே இரண்டு இடத்துக்கும் ஒரு ஜம்ப் கேபிளைப் போட்டு மறுபடி இழுத்துப் பாருங்கள்.

மானிப்பாய் மைனர்:
7 வோல்ற்றுக்கு மேல் காட்டியது! ஜம்ப் கேபிள் போட்டதும் அது சுற்றிய சுற்றில் காருக்கு அடியில் படுத்திருந்த பூனை மதிலேறிவிட்டது.

காருக்குக் கீழே புகுந்து பார்த்தேன். பட்டியின் ஒரு முனை பொடியில் இருக்கிறது, மறுமுனை சும்மா தொங்குகிறது. இரண்டு இடத்திலும் பெயின்றையும் கறளையும் சுரண்டிவிட்டுப் பூட்டினேன். இப்போது பிடியைத் தொட்டாலே போதும். கராஜ்காரரிடம் சொன்னேன், "அது இல்லாமலும் ஓடும்தானே" என்கிறார். அதுவும் சரி, ஹான்டில் போட்டால் ஓடும்.

சோக் கேபிள்தான் போய்விட்டது. உறை உருகி உள்ளே கம்பி அசையவே இல்லை. யாரிடமாவது மைனர் சோக் கேபிள் ஒன்று இருக்கிறதா?