இன்யா ஏரிக்கரை: கூட்டத்தில் பேசியதும் நாம் கண்டதும்

தாம்வே, சிவில்:

பர்மாவில், யாங்கோன் நகரத்து இன்யா ஏரியின் கரையைக் காப்பது பற்றி இங்குள்ள தமிழ் இன்ஜினியர்கள் கோயில் மண்டபத்தில் கூடிப் பேசினோம். வர முடியாதவர்கள் கேட்டுக்கொண்டே இருப்பதால் இங்கே எழுதுகிறேன். ஏரியோரம் நீங்கள் பார்த்ததையும், பெயருக்குப் பதில் உங்கள் பகுதியோ துறையோ போட்டு, கீழே எழுதுங்கள். நகராட்சிக்குக் கொடுக்கப்போகும் மனுவில் கண்ணால் கண்டவர் சொல் வேண்டும்.

முதலில் பேச்செல்லாம் கரையோரக் கட்டடங்களைச் சுற்றியே இருந்தது. சாப்பாட்டுக் கடைகள், வேலி, காங்கிரீட் நடைபாதை. எல்லாம் நியாயமான புகார்தான். பிறகு ஆர்.ஐ.டி.யில் (ரங்கூன் இன்ஜினியரிங் கல்லூரி) படித்து ஓய்வுபெற்ற ஐயா ஒருவர் எழுந்தார். (அந்தத் தலைமுறை இன்ஜினியர்கள் நம்மில் குறைவு. 1964க்குப் பிறகு எத்தனையோ குடும்பங்கள் இந்தியாவுக்குக் கப்பல் ஏறின. 1982 குடியுரிமைச் சட்டம் வந்தபின் முழுக் குடியுரிமை இல்லாத பிள்ளைகளுக்கு இன்ஜினியரிங் இடம் எட்டாமல் போனது.)

"இது தானாக உண்டான ஏரி இல்லை. 1882-83இல் வெள்ளைக்காரன் மேடுகளை இணைத்துக் கரை போட்டு மழைத்தண்ணியைத் தேக்கினான். அப்போது விக்டோரியா ஏரி என்று பேர். இங்கிருந்து கண்டோஜி ஏரிக்குக் குழாய் போகிறது. நம்ம ராமநாதபுரத்துக் கண்மாய் மாதிரிதான் இதுவும். கண்மாய்க்குக் கரை மட்டுமா? தண்ணி வரும் வரத்துக்கால் எங்கே, மிஞ்சினது வெளியேறும் கலுங்கு எங்கே என்று இவ்வளவு நேரமாக ஒருத்தரும் கேட்கவில்லையே!" என்றார்.

அதன்பிறகுதான் கூட்டம் சூடுபிடித்தது. யாங்கோனில் வருஷத்துக்குச் சுமார் 2,700 மில்லிமீட்டர் மழை, பெரும்பாலும் மே முதல் அக்டோபருக்குள். ஏரியைச் சுற்றி வீட்டு முற்றங்களெல்லாம் சிமெண்ட் ஆகிவிட்டால், மண்ணில் இறங்க வேண்டிய தண்ணீர் வண்டலையும் குப்பையையும் அள்ளிக்கொண்டு சாக்கடை வழியே நேராக ஏரிக்கு வருகிறது. வெள்ளைக்காரன் காலத்தில், 1890 வாக்கில், காற்றழுத்தத்தில் தள்ளும் கழிவுநீர்க் குழாய் போட்டது டவுனுக்கு மட்டும். ஏரிப் பக்கத்து வீடுகளுக்கு செப்டிக் டேங்க்தான். அது நிரம்பி வழிந்தால் எங்கே போகும்? அடியில் வண்டல், ஓரத்தில் மண் கொட்டி நிரப்பிய இடம், இரண்டும் சேர்ந்தால் ஏரி கொள்ளும் அளவு குறையும். ஒரே நாள் பெருமழைக்கு நீர்மட்டம் விறுவிறுவென்று ஏறும். அந்தப் பாரம் முழுக்க மண்கரை மேல்.

நகரத்துக் குடிநீருக்கு 1904இல் லோகா, 1940இல் ஜோப்யூ என்று தூரத்து நீர்த்தேக்கங்கள் வந்தன, இன்யாவின் தேவை குறைந்தது. இன்யா தண்ணீரைக் குடித்துக்கொண்டிருந்த காலத்தில் யாரும் அதில் சாக்கடையைத் திறந்துவிட்டிருக்க மாட்டார்கள் என்பது என் எண்ணம்.

மனுவால் என்ன ஆகும் என்று சில தம்பிகள் சோர்ந்து பேசினார்கள். 2015 ஜூலையில் ஷ்வேடகோன் பகோடா அருகே பெரிய கட்டடத் திட்டங்கள் ரத்தானதை நினைவுபடுத்தினேன். பகோடாவின் அடித்தளத்துக்கு ஆபத்து என்று மக்கள் குரல் கொடுத்ததால்தான் அது நடந்தது.

சான்ச்சாங், சர்வே:

நான் கண்டதைச் சொல்கிறேன் அண்ணே. ஏரிக்குள் வரும் ஒரு வாய்க்காலுக்கு மட்டம் எடுக்கப் போயிருந்தேன். வரைபடத்தில் இருக்கிற வாய்க்கால் பாதி வழியில் காணாமல் போய்விட்டது. அங்கே உயரமான மதில். காவல்காரர் ஸ்டாஃப் (அளவுக் கம்பம்) பிடித்திருந்த பையனை விரட்டினார். சற்றுத் தள்ளி மொஹிங்கா (மீன்குழம்பு நூடுல்ஸ்) விற்றுக்கொண்டிருந்த பர்மியப் பாட்டி ஒருத்தி என்னைக் கூப்பிட்டு, "நீ தேடுவது இதுக்கு அடியில் இருக்கு மகளே" என்று மதிலின் அடியைக் காட்டினார். சின்ன வயசில் அங்கே மீன் பிடிப்பார்களாம். இப்போது மழைக்காலத்தில் தண்ணீர் மதிலைத் தாண்ட முடியாமல் அவர் வீட்டுக்குள் நுழைகிறதாம். பாத்திரங்களை எல்லாம் கட்டில்மேல் அடுக்கிவைப்பாராம். அந்த இடத்தைக் குறித்து வைத்திருக்கிறேன். மனுவில் முதலில் இதைச் சேருங்கள். மதில் எழுப்பியவருக்கு அனுமதி கொடுத்தபோது பாட்டியை யாரும் கேட்டிருக்க மாட்டார்கள்.

தட்டோன்:

நான் ஏரி பார்த்து வளர்ந்தவன் இல்லை, குளம் பார்த்து வளர்ந்தவன். எங்கள் ஊர்க் குளத்துக்கரையைப் பார்த்துக்கொண்ட பெரியவர், அடைமழையில் கரையின் வெளிப்பக்கம் நடந்து கசிவைக் கையில் ஏந்திப் பார்ப்பார். தெளிவாக வந்தால் போய்த் தூங்குவார். கலங்கி வந்தால் அப்போதே ஆள் திரட்டுவார், கரையின் மண்ணே கூட வருகிறது என்று அர்த்தம். காலேஜில் மண்ணியல் பாடம் படித்தபோது அவர் செய்தது எவ்வளவு சரி என்று புரிந்தது. இன்யா கரையைக் காங்கிரீட்டாலும் கடைகளாலும் மூடிவிட்டால், கசிவது தெரியாது, ஆனால் கசியும். கரையின் வெளிப்பக்க அடி எப்போதும் திறந்து கிடக்க வேண்டும், மழைக்கு முன்னும் மழையின்போதும் ஆள் நடந்து பார்க்க வேண்டும். இதையும் எழுதுங்கள் அண்ணே.

இன்செயின்:

என் சித்தப்பா அந்தக் காலத்து மாணவர். 1988 மார்ச் 16 அன்று இன்யா ஏரியை ஒட்டிய பியே ரோட்டோரம், வெள்ளைப் பாலத்தில், ஊர்வலம் போன மாணவர்கள் போலீஸிடம் அடிபட்டும் ஏரியில் மூழ்கியும் செத்தார்கள். அந்தக் கரையில் அவர் இன்னும் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் நடப்பார். காசு கொடுத்தால்தான் உள்ளே விடுவேன் என்கிற இடமாக அது ஆகக்கூடாது. இன்ஜினியரிங் இல்லைதான், ஆனாலும் மனுவில் ஒரு வரி வேண்டும்.

தாம்வே, சிவில்:

கட்டாயம் சேர்க்கிறேன் தம்பி. தட்டோன் அண்ணன் சொன்னது கரைப் பராமரிப்புப் பகுதியில் வரும். மே மாத மழைக்கு முன்னால் வடக்கே பாராமி ரோட்டுப் பக்கத்திலிருந்து தொடங்கி, ஏரிக்குள் இறங்கும் வாய்க்கால், சாக்கடை ஒவ்வொன்றையும் நடந்து குறிக்கப்போகிறோம். ஆட்டோ லெவல் (மட்டம் பார்க்கும் கருவி) வைத்திருப்பவர்கள் சொல்லுங்கள். சான்ச்சாங் தங்கச்சி, பாட்டி சம்மதித்தால் அன்றைக்கு அவரையும் அழைத்து வாருங்கள்.