பரோட்டா வயிற்றில் கல் மாதிரி நிற்பது ஏன்? மைதா குடலில் ஒட்டிக்கொள்ளுமா?

செந்தூரன்82:
நாலு இட்லி சீக்கிரம் இறங்கிவிடுகிறது, சால்னாவோடு இரண்டு பரோட்டா போனால் நடுராத்திரி வரை வயிறு கனக்கிறது. சினிமா போஸ்டர் ஒட்டும் பசை மைதாதான், அதனால் குடலிலும் ஒட்டிக்கொள்ளும் என்கிறார்கள். உண்மையா? சோடா குடித்தால் செரிக்குமா?

இரைப்பை:
கனப்பதற்கு முக்கியக் காரணம் எண்ணெய். மைதாமீது பழி போடுவதற்கு முன் இரைப்பை எப்படிக் காலியாகிறது என்று பாருங்கள்.

இரைப்பையின் கீழ்ப்பகுதி நிமிடத்துக்கு மூன்று தரம் சுருங்கி, உணவை ஆட்டுக்கல் போல அரைக்கிறது. துணுக்குகள் ஒன்றிரண்டு மில்லிமீட்டர் அளவுக்கு வந்த பிறகே இரைப்பையின் வெளிவாசலான பைலோரஸ் வால்வு அவற்றைக் கொஞ்சம் கொஞ்சமாக முன்சிறுகுடலுக்கு விடும். பஞ்சு போன்ற இட்லி லேசாக அரைபடும். அடித்துப் பிசைந்த பரோட்டா மாவில் குளூட்டன் என்ற கோதுமைப் புரதத்தின் வலை இறுகியிருப்பதால் அரைக்க நேரம் பிடிக்கும், அதிலும் அவசரமாக விழுங்கியிருந்தால் சொல்லவே வேண்டாம்.

அசல் பிரேக் வால்வுக்குக் கீழே இருக்கிறது. கொழுப்பு வந்து சேர்ந்ததும் முன்சிறுகுடல் கோலிசிஸ்டோகைனின் என்ற ஹார்மோனைச் சுரக்கும். அது பித்தப்பையைச் சுருக்கி பித்தநீரை வரவழைக்கும், கணையத்திலிருந்து கொழுப்பை வெட்டும் நொதியான லிபேஸைக் கொண்டுவரும், கூடவே இரைப்பைக்கு 'மெதுவாக அனுப்பு' என்றும் சொல்லும். எண்ணெய்ப் பாத்திரத்தில் சோப்பு செய்யும் வேலையைத்தான் பித்தநீர் செய்கிறது. கொழுப்பு பொடித்துளிகளாகச் சிதறினால்தான் லிபேஸ் அதை வெட்ட முடியும். பித்தப்பை கொள்வதே 30 முதல் 50 மி.லி. வரைதான். மொத்த எண்ணெயும் ஒரே நேரத்தில் இறங்கினால் சமாளிக்க முடியாது. சாதாரண சாப்பாடு இறங்கவே மூன்று, நான்கு மணி நேரம் ஆகும், எண்ணெய்ச் சாப்பாடு அதையும் தாண்டும். ஆக, அது செரிக்காமல் கிடப்பதில்லை, வரிசையில் நிற்கிறது.

மாவுச்சத்து:
போஸ்டர் பசைக் கதைக்கு வருகிறேன். மைதா குடலில் ஒட்டாது. தண்ணீரில் வெந்து கூழான ஸ்டார்ச், அதை வெட்டும் நொதியான அமைலேஸுக்கு அல்வா மாதிரி. எச்சிலிலும் அமைலேஸ் உண்டு. வீட்டிலேயே பார்க்கலாம். ஒரு டம்ளர் தண்ணீரில் ஒரு டீஸ்பூன் மைதாவைக் காய்ச்சி, கை பொறுக்கும் சூட்டுக்கு ஆறவிடுங்கள். மூன்று கிண்ணங்களில் இரண்டிரண்டு ஸ்பூன் ஊற்றுங்கள். முதலாவது அப்படியே இருக்கட்டும். இரண்டாவதில் ஒரு ஸ்பூன் எச்சில். மூன்றாவதில் முதலில் ஒரு ஸ்பூன் வினிகர், பிறகு எச்சில். இருபது நிமிடம் கழித்து ஒவ்வொன்றிலும் ஒரு சொட்டு டிங்சர் அயோடின் விடுங்கள், ஸ்டார்ச் மிச்சமிருந்தால் கருநீலம் காட்டும். முதலாவதும் மூன்றாவதும் கருநீலமாகும். இரண்டாவது நீர்த்துப்போய், பெரும்பாலும் பழுப்பாகவே நிற்கும். வினிகர் எச்சில் அமைலேஸை முடக்கிவிட்டது, இரைப்பை அமிலமும் அதையே செய்யும். மிச்ச வேலை கணைய அமைலேஸுடையது.

கூழ் கொதிக்கும்போது எச்சிலைச் சேர்த்தால் நொதி வெந்துவிடும். வினிகருக்குப் பதில் எலுமிச்சையும் வேண்டாம், அதிலுள்ள வைட்டமின் சி அயோடினின் நிறத்தையே அழித்து ஏமாற்றும்.

செந்தூரன்82:
அப்படியானால் மைதா நல்லதா?

மாவுச்சத்து:
ஒட்டாது என்றுதானே சொன்னேன்! நார்ச்சத்து குறைவு, குளுக்கோஸாக மாறி ரத்தத்தில் ஏறுவதும் வேகம். சர்க்கரை நோயாளிக்கு அதுதான் தொல்லை. அந்த விஷயத்தில் இட்லியும் ஒன்றும் சாது இல்லை. குளூட்டன் ஒத்துக்கொள்ளாத சீலியாக் நோய் உள்ளவர்களுக்குக் கோதுமையே ஆகாது, அது தனிக் கதை.

இரைப்பை:
சோடா விட்டுப்போச்சே. அதிலிருக்கும் கார்பன் டை ஆக்ஸைடு ஏப்பமாக வெளியேறும், அழுத்தம் குறைந்தது போல இருக்கும். பரோட்டா இருந்த இடத்தில்தான் இருக்கும். ஏப்பத்தோடு அமிலமும் மேலே வந்து நெஞ்சு எரிவதும் உண்டு, ஏனென்றால் கொழுப்புச் சாப்பாடு உணவுக்குழாயின் அடிவால்வை ஏற்கெனவே தளர்த்தியிருக்கும். சாப்பிட்டு இரண்டு, மூன்று மணி நேரமாவது கழித்துப் படுங்கள், படுத்தால் இடப்பக்கம் சாய்ந்து படுங்கள்.

எண்ணெய்ச் சாப்பாட்டுக்குப் பின் வலது விலாவுக்குக் கீழே வலி பிடித்து, வலது தோள்பட்டைக்கும் பரவினால் அஜீரணம் என்று ஓமத்தண்ணீர் குடித்துக்கொண்டிருக்காதீர்கள். பித்தப்பைக் கல்லாக இருக்கலாம், டாக்டரிடம் காட்டி ஸ்கேன் பார்த்துவிடுங்கள். காய்ச்சலோ மஞ்சள் காமாலையோ கூட இருந்தால் அன்றைக்கே போங்கள்.