விலைப்பட்டியலைப் பெருக்க மறுக்கும் எக்செல்

பரோட்டா கணக்கு, இரவு 11.40
அப்பாவுக்குச் சிங்கப்பூரில் தேக்கா, ஈசூன், ஜூரோங் மூன்று இடங்களிலும் கடை உண்டு. கடைக்கு ஒரு நிரையாக (குறுக்கு வரிசை), பரோட்டா, தோசை, தே தாரிக், கோப்பி என நான்கு நிரல்களில் (நெடுக்கு வரிசை) நாள் விற்பனையை எழுதியிருக்கிறேன். அதற்கு அடியில் ஒரே நிரையில் விலை: 1.50, 2.00, 1.80, 1.60 வெள்ளி. இரண்டு எண் அடுக்குகளைப் பெருக்கும் எம்மல்ட் (MMULT) சார்பில் இரண்டையும் கொடுத்தால் வேல்யூ பிழை வருகிறது. விலையை முன்னால் போட்டாலும் அதே பிழை. வெறும் நட்சத்திரக் குறியால் பெருக்கினால் மட்டும் 12 எண்கள் வந்து விழுகின்றன. இரண்டிலும் நான்கு நான்காகத்தானே இருக்கிறது? (பள்ளியில் ஆங்கிலத்தில் படித்தது. நிரை, நிரல் எல்லாம் அம்மாவிடம் கேட்டு எழுதினேன்.)

பொங்கோல் அக்கா, 11.58
அம்மா சரியாகத்தான் சொல்லியிருக்கிறார், தம்பி. விற்பனை 3×4 அணி, அதாவது 3 நிரை, 4 நிரல் கொண்ட எண் அடுக்கு. விலை 1×4 அணி. முதல் அணியில் எத்தனை நிரலோ, இரண்டாவதில் அத்தனை நிரை வேண்டும். உங்களிடம் 4-க்கு எதிரே 1 நிற்கிறது. மாற்றிப் போட்டால் 4-க்கு எதிரே 3. விலையை டிரான்ஸ்போஸ் சார்பால் நெடுக்காக நிறுத்துங்கள், 4×1 ஆகிவிடும். விடை 3×1, கடைக்கு ஒரு தொகை.

நட்சத்திரக் குறி செய்வது அணிப் பெருக்கலே அல்ல. விலை நிரையை ஒவ்வொரு கடையின்மேலும் விரித்துக் கட்டத்துக்குக் கட்டம் பெருக்குகிறது. அதனால்தான் 12.

பரோட்டா கணக்கு, 12.10
வந்துவிட்டது அக்கா! தேக்காவில் 120 பரோட்டா, 80 தோசை, 150 தே, 100 கோப்பி: 770 வெள்ளி. கைக்கணக்கும் அதேதான். அடுத்த மாதம் பிடோக்கில் நான்காவது கடை. அப்போதும் இதே சூத்திரம் போதுமா?

பழைய கணக்காசிரியர், காலை 6.15
போதும், விற்பனைப் பகுதியை ஒரு நிரை நீட்டுங்கள். ஆனால் விலையை முன்னால் போட்டுப் பார்க்கும் பழக்கத்தை விட்டுவிடுங்கள். நான்கு கடை வந்ததும் 1×4, 4×4 பொருந்திவிடும். பிழையும் வராது, கணக்கும் சரியாக இராது. பரோட்டா நிரலைப் பாருங்கள்: 1.50-ஐத் தேக்கா பரோட்டாவோடு பெருக்கும், தோசை விலையான 2.00-ஐ ஈசூன் பரோட்டாவோடு பெருக்கும், பிறகு எல்லாவற்றையும் கூட்டும். எண்ணை மட்டும் நம்பாமல் பெயரையும் எழுதிப் பாருங்கள்: கடை×பண்டம், பண்டம்×விலை. நடுவில் இரண்டு பக்கமும் பண்டம் இருக்க வேண்டும்.

பரோட்டா கணக்கு, 7.02
சூத்திரத்துக்குப் பக்கத்துக் கட்டத்தில் அப்படியே எழுதிவிட்டேன் ஐயா. அப்பா பார்த்துவிட்டு, பண்டத்தைப் பண்டத்தால் எதற்குப் பெருக்குகிறாய் என்கிறார்.