புதிய பிரின்ட் சர்வருக்கு மாறும்போது டாட் மேட்ரிக்ஸ் பிரின்டர்களை என்ன செய்வது?

மண்ணடிக்காரன்:
லிங்கிச் செட்டித் தெருவில் சரக்கு ஆவணங்கள் தயாரிக்கும் அலுவலகம் எங்களுடையது. எல்லாப் பிரின்டர்களுக்கும் அச்சு வேலையை அனுப்பும் கணினியான பிரின்ட் சர்வரில் இன்னும் விண்டோஸ் சர்வர் 2012 ஆர்2தான் ஓடுகிறது. அதற்கு மைக்ரோசாஃப்ட் தந்த நீட்டிக்கப்பட்ட ஆதரவும் 2023 அக்டோபரிலேயே முடிந்துவிட்டதால் 2022 பதிப்புக்கு மாறுகிறோம். லேசர் பிரின்டர்களைப் பற்றிக் கவலையில்லை. ஊசியால் தட்டி மூன்று படி கார்பன் படிவம் அடிக்கும் டாட் மேட்ரிக்ஸ்தான் வயிற்றைக் கலக்குகிறது. அச்சு ஒரு வரி கீழே இறங்கினாலும் எடை, கட்டத்துக்கு வெளியே போய் விழும். பிறகு லாரி துறைமுக வாயிலிலேயே நிற்க வேண்டியதுதான். எல்லாவற்றையும் ஒரே மூச்சில் நகர்த்தலாமா?

ராயபுரம் ரவி:
வேண்டாம் அண்ணா. முதலில் பழைய சர்வரில் பயன்படாத டிரைவர்களை, அதாவது பிரின்டரை இயக்கும் மென்பொருள்களை, நீக்குங்கள். குப்பையோடு ஏற்றுமதி செய்தால் குப்பையும் சேர்ந்தே வரும். பிறகு விண்டோஸ் சர்வரிலுள்ள பிரின்ட் மேனேஜ்மென்ட் கருவியில் பிரின்டர் அமைப்புகளை ஒரு கோப்பாக ஏற்றுமதி செய்து, புதிய சர்வரில் இறக்குங்கள். டாட் மேட்ரிக்ஸுக்கு மட்டும் தயாரிப்பாளரின் 64 பிட் டிரைவரைப் புதிதாக நிறுவுவதே நல்லது.

தண்டையார்பேட்டை வாசகி:
சர்வர் பண்புகளில் ‘படிவங்கள்’ பகுதியைத் திறந்து, உங்கள் தாளின் நீள அகலம் அப்படியே வந்திருக்கிறதா என்று பாருங்கள். வெற்றுத்தாளில் அடித்து, அச்சிட்ட படிவத்தின்மேல் வைத்து வெளிச்சத்தில் பிடித்தால் பிசகு உடனே தெரிந்துவிடும். இன்னொன்று: 2021 ஆகஸ்ட் பாதுகாப்புத் திருத்தத்துக்குப் பிறகு, சாதாரணப் பயனர் கணக்கால் சர்வரிலிருந்து டிரைவரை நிறுவ முடியாது. கணினிகளில் முன்கூட்டியே நிறுவிவிடுங்கள்.

மண்ணடிக்காரன்:
மிக்க நன்றி அம்மா, நன்றி தம்பி. ஞாயிற்றுக்கிழமை லேசர்களை மட்டும் மாற்றுகிறேன். படிவம் சரியாக விழும்வரை பழைய சர்வரை அணைக்கப்போவதில்லை.