வேற்று நாட்டில் மறைப்பணி: மறக்க முடியாதவர்களைப் பற்றிச் சொல்லுங்கள்

டொடோமா சிஸ்டர்:

நானே தொடங்குகிறேன். தான்சானியாவில் டொடோமா பக்கம் ஒரு கிராமத்து மருந்தகத்தில் நான்கு வருடம் இருந்தேன். போகும்போது எனக்கு வயது 26. சுவாஹிலி மொழியில் முதல் பாடமே வணக்கம் சொல்வதுதான். மூத்தவர்களைப் பார்த்தால் இளையவர்கள் “ஷிகமூ” என்று சொல்ல வேண்டும். ‘உங்கள் பாதத்தைப் பற்றுகிறேன்’ என்று அதற்குப் பொருள் சொல்வார்கள். பெரியவர் “மரஹாபா” என்று ஏற்றுக்கொள்வார். அதற்குப் பிறகுதான் மற்ற பேச்சு.

மருந்தகத்துக்கு ஒரு பாட்டி வருவார், எழுபது வயதிருக்கும். என் அங்கியைப் பார்த்ததும் அவரே முந்திக்கொண்டு எனக்கு “ஷிகமூ” சொல்வார். எனக்கு உடம்பு கூசும். நம் ஊரில் ஒரு பாட்டி என் காலைத் தொட வந்தால் நான் நின்றுகொண்டிருப்பேனா? மூத்த சிஸ்டர்கள் “இங்கே அதுதான் வழக்கம், விடு” என்றார்கள். எனக்கு விட மனமில்லை. அவர் வாசல் மரத்தைத் தாண்டுவதற்குள் நானே ஓடிப்போய்ச் சொல்லிவிடுவேன். ஒரு மாதம் போயிருக்கும். ஒருநாள் அவர் நின்று, என் தலையில் கை வைத்து, “மரஹாபா, ம்வனங்கு” என்றார். ‘என் பிள்ளையே’ என்று அர்த்தம். அன்றிலிருந்து மருந்து வாங்க வேண்டியிராத நாளிலும் வந்து திண்ணையில் உட்கார்ந்துவிட்டுப் போவார்.

இன்னொரு சொல் “போலே”. கல் தடுக்கினாலும், காய்ச்சலில் படுத்தாலும், வெயிலில் துணி துவைத்துக்கொண்டிருந்தாலும் போகிறவர் வருகிறவர் எல்லோரும் “போலே” சொல்லிவிட்டுத்தான் போவார்கள். உன் சிரமத்தைப் பார்த்தேன் என்பது மாதிரி. தமிழில் அதற்கு ஒரு சொல் இன்னும் தேடிக்கொண்டிருக்கிறேன்.

மற்றவர்களும் எழுதுங்கள்.

கடற்கரைப் பிள்ளை:

சிஸ்டர், நீங்கள் எழுதியதைப் படித்ததும் எனக்கு எங்கள் உபதேசியார் ஞாபகம் வந்துவிட்டது. கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

2019 ஜனவரியில் என்னைப் பயிற்சிப் பணிக்காக பப்புவா நியூ கினிக்கு அனுப்பினார்கள். அப்போது எனக்கு 23 வயது, இன்னும் குருமாணவன்தான். தூத்துக்குடிப் பக்கம் கடற்கரை ஊரில் பிறந்தவன். போய் இறங்கியது சிம்பு மாநிலத்து மலையில். அந்த நாட்டின் மிக உயரமான வில்ஹெல்ம் சிகரம், 4,509 மீட்டர், அந்தப் பக்கம்தான் இருக்கிறது. தலைநகர் போர்ட் மோர்ஸ்பியிலிருந்து மலைநாட்டுக்குச் சாலையே கிடையாது. கொரோகா வரை விமானம், அங்கிருந்து டாவுலோ கணவாய் ஏறி வண்டியில் போக வேண்டும். முதல் இரவு குளிர் தாங்காமல் இரண்டு சட்டையும் போர்வையும் போட்டுக்கொண்டு படுத்தேன். கடல் சத்தம் இல்லாமல் தூக்கம் வரவே இல்லை.

அன்றாட வாழ்க்கை என்று சொன்னால், காலை ஐந்தரைக்கு மணி. மழைநீர்த் தொட்டியில் முகம் கழுவினால் விரல் மரத்துப்போகும். ஜெபம், பூசை, பிறகு பள்ளிக்கூடம். சாப்பாடு பெரும்பாலும் காவ்காவ், அதாவது சர்க்கரைவள்ளிக்கிழங்கு. சாம்பலில் சுட்டது, தண்ணீரில் வெந்தது, கீரையோடு சேர்ந்தது என்று மூன்று வேளையும் அதுதான். டின் மீனும் சோறும் கிடைத்த நாள் விருந்து. கடலில் பிடித்த மீனை அன்றன்றைக்கே தின்று வளர்ந்தவனுக்கு டின் மீன் முதலில் இறங்கவில்லை. ஆறு மாதத்தில் அதற்காக ஏங்குகிற நிலைக்கு வந்துவிட்டேன். வெள்ளிக்கிழமை மதியம் ரப்பர் பூட்ஸ் மாட்டிக்கொண்டு உபதேசியாரோடு கிளை ஊர்களுக்கு நடை. “கிளோஸ்து தாசோல்” என்பார், பக்கம்தான் என்று. நம் ஊரில் ‘கூப்பிடு தூரம்’ என்று சொல்வதைப் போலத்தான். நான்கு மணி நேரம் சேற்றில் ஏறியிருப்போம், இன்னும் பக்கமாகவே இருக்கும்.

உபதேசியாருக்கு அறுபத்தைந்து வயதுக்கு மேல். பேரப்பிள்ளைகள் உள்ளவர். ஃபாதர் மாதத்துக்கு ஒருமுறைதான் வர முடிகிற ஊர்களில் ஞாயிறு வழிபாடு, நோயாளிகள், கல்லறை மந்திரிப்பு, சண்டை தீர்ப்பது எல்லாம் அவர்தான். அதிகம் பேச மாட்டார். ‘ஆமாம்’ என்பதற்குக்கூட வாய் திறக்க மாட்டார், புருவத்தை மட்டும் ஒருமுறை உயர்த்துவார். அங்கே எல்லோருக்கும் அந்தப் பழக்கம் உண்டு. நானோ நம் ஊர் வழக்கப்படி ‘சரி’ என்று தலையை ஆட்டுவேன். அவர்கள் அதை ‘வேண்டாம்’ என்று எடுத்துக்கொள்வார்கள். முதல் வாரம் இரண்டு வீட்டில் பசியோடு எழுந்து வந்தேன். சாப்பிடுகிறாயா என்று கேட்டதற்குத்தான் அப்படித் தலையாட்டியிருக்கிறேன் என்று அவர்தான் பிறகு விளக்கினார்.

அந்த நாட்டில் 800-க்கு மேற்பட்ட மொழிகள். ஒரு மலைக்கும் அடுத்த மலைக்கும் பேச்சு வேறு. எல்லோரையும் சேர்த்துக் கட்டுவது டோக் பிசின் என்கிற பொதுமொழி. சொற்கள் பெரும்பாலும் ஆங்கிலத்திலிருந்து வந்ததால் மூன்றே மாதத்தில் பேசலாம் என்றார்கள். நானும் ஆங்கில வழிப் பாடப்புத்தகம் வைத்துத்தான் படித்தேன். இரண்டாம் மாதம் ஒரு கிளை ஊரில் என்னை மறையுரை கொடுக்கச் சொன்னார்கள். ‘கடவுள் நம்மை நேசிக்கிறார், நமக்காக இறந்தார்’ என்பதையே திரும்பத் திரும்பச் சொன்னேன். “மிபேலா, மிபேலா” என்று.

முடிந்ததும் ஒரு மூதாட்டி வந்து என் கையைப் பிடித்துக்கொண்டு அமைதியாகக் கேட்டார்: “பிரதர், கடவுள் உங்கள் ஊர்க்காரர்களை நேசிக்கிறார், சந்தோஷம். எங்களையும் நேசிக்கிறாரா?”

எனக்குப் புரியவில்லை. திரும்பி வரும் வழியில்தான் உபதேசியார் சொன்னார். மிபேலா என்றால் கேட்கிறவரை விட்டுவிட்டு ‘நாங்கள்’. கேட்கிறவரையும் சேர்த்துச் சொன்னால் ‘யுமி’. தமிழில் அப்படியே நாங்கள், நாம்! ஆங்கிலத்தில் இரண்டுக்கும் ஒரே சொல். தாய்மொழியிலேயே இருந்த வேறுபாட்டை ஆங்கிலம் வழியாகப் போய்த் தொலைத்துவிட்டேன். அந்த ஆலயத்தில் கூடியிருந்த அத்தனை பேரையும் வெளியே நிறுத்திவிட்டு, கடவுள் எங்களை மட்டும் நேசிக்கிறார் என்று அரைமணி நேரம் சொல்லியிருக்கிறேன். அன்று இரவு தூங்கவில்லை.

உபதேசியார் என்னைத் திட்டவில்லை. ஜெபத்தை எடுத்துக் காட்டினார். “பாப்பா பிலோங் மிபேலா” என்றுதான் கர்த்தர் கற்பித்த ஜெபம் அங்கே தொடங்கும். கடவுளிடம் பேசும்போது மிபேலா சரி. நாமும் ‘எங்கள் தந்தையே’ என்றுதான் சொல்கிறோம், ‘நம் தந்தையே’ என்பதில்லை. ஜனங்களைப் பார்த்துப் பேசும்போது யுமி. “அவரிடம் மிபேலா, இவர்களிடம் யுமி, அவ்வளவுதான்” என்றார். செமினரியில் யாரும் எனக்கு இப்படி இரண்டு சொல்லில் சொல்லித் தந்ததில்லை.

எங்கள் முத்துக்குளித்துறைக்கு 1542-ல் வந்த சவேரியாரும் இப்படி ஒரு சொல்லில் இடறியவர்தான். விசுவாசப் பிரமாணத்தின் தமிழாக்கத்தில் ‘விசுவாசம்’ வர வேண்டிய இடத்தில் ‘வேணும்’ என்று இருந்ததைப் பிறகு கண்டுபிடித்து, உடன் பணியாளருக்குக் கடிதம் எழுதித் திருத்தச் சொன்னார். சின்ன வயதிலிருந்து அவர் திருநாளுக்கு முறுக்கும் சப்பரமும்தான் எனக்குத் தெரியும். மணியை ஆட்டிக்கொண்டு, தெரியாத பாஷையைப் பேசிக்கொண்டு, எங்கள் தெருவில் நடந்த அந்த மனிதர் எவ்வளவு தனியாக இருந்திருப்பார் என்று அந்த மலையில்தான் யோசித்தேன். எங்கள் முப்பாட்டன்மாரும் அவர் சொல்லைத் திருத்தித்தான் கொடுத்திருப்பார்கள்.

வெற்றிலை பற்றிச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. அங்கே பாக்குக்குப் பெயர் புவாய். குளிரில் அது விளையாது, கடற்கரையிலிருந்து மூட்டை மூட்டையாக மலைக்கு ஏறி வரும். பச்சைப் பாக்கு, கூடவே கம்பாங் என்கிற சுண்ணாம்பு, டாக்கா என்கிற காய். டாக்காவை வாங்கிப் பார்த்தேன், நம் வெற்றிலைக் கொடியின் கதிர்தான் அது! நாம் இலையைக் கிள்ளிக்கொள்கிறோம், அவர்கள் காயைச் சுண்ணாம்பில் தொட்டுக் கடிக்கிறார்கள். எங்கள் ஆச்சி இடுப்பில் சுருக்குப்பை இல்லாமல் வெளியே வர மாட்டாள். சந்தையில் வாய் சிவந்த கிழவிகளைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு வயிற்றைப் பிசையும்.

எல்லாம் இனிமை என்று சொன்னால் பொய். ஒரு இளைஞன் திடீரென்று இறந்ததும், ஒரு விதவைதான் சங்குமா, அதாவது சூனியம், வைத்துவிட்டாள் என்று பேச்சு கிளம்பியது. சூனியத்தைக் குற்றமாக ஏற்றுக்கொண்ட பழைய சட்டத்தை 2013-லேயே நீக்கிவிட்டார்கள். ஆனாலும் இப்படிப் பழி சுமத்தப்பட்டவர்களைக் கொடூரமாகக் கொல்வது நிற்கவில்லை. கன்னியர் மடத்தில் அந்த அம்மாவை ஒளித்து வைத்தார்கள். இரவு முழுக்க உபதேசியார் வாசலில் நெருப்பு மூட்டி உட்கார்ந்திருந்தார். கூட்டம் வந்தது. அவர் எழுந்து நின்று, தன் குலத்து மொழியில், சத்தமே போடாமல் பேசினார். அவர்களும் அவருடைய உறவுக்காரர்கள்தான். நான் பக்கத்தில் நின்றதைத் தவிர ஒன்றும் செய்யவில்லை, கால் நடுங்கிக்கொண்டிருந்தது. விடிவதற்குள் கலைந்து போனார்கள். அந்த அம்மாவைப் பிறகு வேறு மாநிலத்துக்கு அனுப்பிவிட்டார்கள். தன் தோட்டத்தையும் பன்றிகளையும் விட்டுவிட்டுப் போனார். அது இன்றைக்கும் எனக்கு ஆறவில்லை.

2020 ஜூன் கடைசியில் ஊரிலிருந்து போன். ஆச்சி போய்விட்டாள். மார்ச்சிலிருந்தே விமானம் கிடையாது, போகவே வழியில்லை. ஊரடங்கு விதிப்படி இருபது பேர்தான் அடக்கத்துக்கு. ஊரில் யார் வீட்டு இழவு என்றாலும் முதல் ஆளாய்ப் போய் ஒப்பாரி எடுத்துக் கொடுத்தவள் அவள். அவளுக்கு அழ ஆளில்லை. அண்ணன் வீடியோவில் காட்டினான், சிக்னல் இல்லாமல் பாதியில் நின்றுவிட்டது. அறைக்கதவைச் சாத்திக்கொண்டேன். யாரிடமும் சொல்லவில்லை, சமையல்கார அம்மாவிடம் மட்டும் சாப்பாடு வேண்டாம் என்றேன்.

மறுநாள் காலை வெளியே சத்தம். ஜன்னல் வழியாகப் பார்த்தால் பாதையெல்லாம் ஆட்கள். முகத்திலும் கையிலும் சேறு பூசியிருந்தார்கள். பெண்கள் கூந்தலை அவிழ்த்துவிட்டு அழுதுகொண்டே வந்தார்கள். அங்கே இழவு வீட்டை ஹவுஸ் கிராய் என்பார்கள். சாவு விழுந்தால் நாட்கணக்கில் கூடியிருந்து அழுவது அவர்கள் முறை. கிழங்கு மூட்டை, கரும்பு, வாழைத்தார், ஒரு பன்றி என்று கொண்டுவந்து எங்கள் வாசலில் இறக்கினார்கள். அவர்கள் யாரும் ஆச்சியைப் பார்த்ததில்லை. ஊர் எங்கே என்றும் தெரியாது.

நான் பதறிப்போய் உபதேசியாரிடம், “இதெல்லாம் எதற்கு? அவள் என் ஆச்சி, ரொம்ப தூரத்தில்...” என்று ஆரம்பித்தேன். அவர் என்னை முடிக்க விடவில்லை. “பூபு பிலோங் யுமி” என்றார். நம் பாட்டி. பிறகு, “பேசாதே. உட்கார்ந்து இவர்களோடு அழு” என்றார். தன் கையிலிருந்த சேற்றை என் நெற்றியில் பூசினார். என்னிடம் ஆச்சியின் படம் ஒன்று இருந்தது, அதை வாங்கி வாழையிலை மேல் வைத்தார்கள். எங்கள் ஊர்த் தெருவில் எழாத அழுகை அந்த மலையில் மூன்று நாள் எழுந்தது. இரண்டாம் நாள் நானும் ஆச்சி பாடுகிற ஒப்பாரியில் நினைவிருந்த நாலு வரியைத் தமிழிலேயே பாடினேன். ஒரு சொல்லும் புரியாமல் அந்தப் பெண்கள் சரியான இடத்தில் சேர்ந்து இழுத்தார்கள். மூன்றாம் நாள் குழி தோண்டி, கல்லைச் சுட்டு, வாழையிலை போட்டு மூடி மூமூ வைத்தார்கள். எல்லோரும் சாப்பிட்டோம்.

அதற்கப்புறம் அடுப்படியில் உட்கார்ந்து நானும் உபதேசியாரும் நிறையப் பேசினோம். நான் எங்கள் தெற்கத்தி தேவசகாயம் பிள்ளையைப் பற்றிச் சொன்னேன், 1752-ல் காற்றாடிமலையில் சுடப்பட்டவர். அவர் தோ ரோட் பற்றிச் சொன்னார். நியூ பிரிட்டன் தீவில் ஜப்பானியர் மறைப்பணியாளர்களைச் சிறை வைத்தபோது, ஜனங்களைக் கைவிடாமல் ஜெபம் நடத்திய உபதேசியார், 1945-ல் சிறையிலேயே கொல்லப்பட்டவர். இருவருமே கல்யாணம் ஆனவர்கள், குடும்பஸ்தர்கள். “அப்போ சாமியார் ஆகாமலும் புனிதர் ஆகலாம்” என்று அவர் சந்தோஷமாகச் சொன்னார்.

2022 மே மாதம் தேவசகாயம் புனிதரானபோது நான் உபதேசியாருக்குப் போன் செய்தேன். 2025 அக்டோபர் 19 அன்று தோ ரோட் புனிதரானார். அன்று அவர் கூப்பிட்டார். பின்னால் குண்டு என்கிற அவர்கள் ஊர் மேளம், பாட்டு, கத்தல். அவர் சொன்னதில் பாதி கேட்கவில்லை. நான் ஃபாதராகப் போகிறேன் என்று கத்திச் சொன்னேன். வீடியோ இல்லை, ஆனாலும் புருவத்தை உயர்த்தியிருப்பார்.

நெல்லை அக்கா:

பிரதர், என் தம்பி வருகிற ஜனவரியில் அதே நாட்டுக்குத்தான் போகிறான், மடாங் பக்கம். அம்மா அழுதுகொண்டே பெட்டி கட்டுகிறாள். என்ன கொடுத்து அனுப்பட்டும்?

கடற்கரைப் பிள்ளை:

அக்கா, மடாங் கடற்கரை, குளிராது. ஆனால் மலேரியா உண்டு. கொசுவலை போட்டுப் படுக்கச் சொல்லுங்கள், காய்ச்சல் வந்தால் ஒரு நாளும் தள்ளிப்போடாமல் ரத்தப் பரிசோதனை செய்யச் சொல்லுங்கள். உடுப்பு அதிகம் வேண்டாம். குடும்பப் படங்களை அச்சடித்துக் கொடுங்கள், போனில் இருப்பது போதாது. அம்மா, அப்பா, நீங்கள், தாத்தா பாட்டி எல்லோரும் இருக்கட்டும். அங்கே முதலில் கேட்பது அதைத்தான், இவர் யார், அவர் யார் என்று ஒவ்வொருவரையும் விரல் வைத்துக் கேட்பார்கள். ஒரே படத்தை இரண்டு மூன்று பிரதி எடுத்துவிடுங்கள். எங்கள் ஆச்சி படம் அந்த உபதேசியார் வீட்டிலேயே நின்றுவிட்டது. திருக்குடும்பப் படத்துக்குப் பக்கத்தில் மாட்டியிருக்கிறார். நான் திரும்பக் கேட்கவில்லை.